பலாக்காய் தானம்

எங்கள் ஒழுங்கையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கஞ்சத் தம்மிகா. வைத்தவள் பக்கத்து வீட்டு மல்காந்தி. அவள் அதை வைத்த நாளில் அவள் வீட்டுச் சிலிண்டரில் கேஸ் இருந்தது. நாடே கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற வருஷம் அது. கேஸ் தீர்ந்த மறுநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அக்கே, அந்தத் தலையணைச் சோறு எப்படி வைக்கிறது?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். பட்டப்பெயரைத் திருப்பி வாங்கச் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

தலையணைச் சோறு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விறகடுப்பில் அரிசி ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி, இறுக மூடி, அட்டைப்பெட்டிக்குள் பழைய தலையணைகளுக்கு நடுவில் புதைத்துவிட வேண்டும். மத்தியானம் எடுத்தால் சோறு வெந்திருக்கும். மிச்சமான விறகில் கறி வைக்கலாம். கேஸ் வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்த அன்றே நான் வெறும் சிலிண்டரின் மேல் தண்ணீர்க் குடத்தை ஏற்றி வைத்தேன். பிரிட்ஜின் வயரைக் கழற்றிவிட்டு அதற்குள் அரிசி வைத்தேன், எலி நுழையாது. பால்மா பைக்கற்றைக் கடையில் எடுத்து விலையைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன். அதோடு பால்தேநீர் போயிற்று. பிறகு சீனி போயிற்று, ஒரு துண்டு கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடித்தோம். தேங்காய் பாதிதான். பாலைப் பிழிந்த சக்கையையும் எறியமாட்டேன், மிளகாயோடு வறுத்தால் அது சம்பல்.

என் புருஷன் சுனந்த ஆட்டோக்காரர். பெட்ரோல் வரிசையிலேயே ஆட்டோவுக்குள் தூங்கி எழுந்து வருவார். பெட்ரோல் கிடைத்து வந்தால் ஏறுவதற்கு ஆள் இருக்காது. நல்ல மனுஷன். அண்ணன் முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

இவ்வளவு குறைத்தும் என் பிள்ளைகள் இருவரும் ஒரு நாளும் பசியோடு படுக்கவில்லை. அதற்குக் காரணம் நான் இல்லை, குசினிக்குப் பின்னால் நின்ற பலாமரம். பிஞ்சில் குழம்பு, முற்றினால் காலைக்கும் இரவுக்கும் அவியல், பழுத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கொட்டையை மணலில் புதைத்து வைத்தால் காய் இல்லாத மாதங்களுக்கும் ஆகும். கடையில் அரிசி விலைப் பலகையை மாற்றி எழுதும்போதெல்லாம் நான் வீட்டுக்கு வந்து அந்த மரத்தை நிமிர்ந்து பார்ப்பேன். பயம் கொஞ்சம் இறங்கும்.

மாமியார் மார்ச்சில் செத்துப்போனார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போன விஷயம் இரண்டுதான். சுனந்த சோம்பேறி என்பது ஒன்று, தேங்காய்ப்பூ போட்டு அவித்த பலாக்காய் மற்றது. கடைசி வாரத்திலும் அதைத்தான் கேட்டார். மசித்து ஊட்டினேன், உப்புக் குறைவு என்று திட்டிக்கொண்டே தின்றார்.

ஜூனில் மூன்று மாதத் தானம் வந்தது. பிக்குகளுக்கும் ஊருக்கும் சோறு போட்டு, புண்ணியத்தைச் செத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அதைப் பேசுவதற்காகச் சுனந்தவின் அண்ணன், மூத்தவர் கருணாதிலக ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி மானெலோடு காரில் வந்து இறங்கினார். கடவத்தையில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். ஊரே வரிசையில் நிற்கும்போது அவர் காருக்கு மட்டும் எங்கிருந்து பெட்ரோல் என்று நான் கேட்கவில்லை. வெறும் தேநீரும் கருப்பட்டியும் வைத்தேன்.

மானெல் கோப்பைக்குள் பார்த்தாள். "பால்மா தீர்ந்துபோச்சா தம்மிகா?"

"எப்பவோ தீர்ந்துது அக்கே. இப்ப நாங்க தீராம இருக்கிறதைப் பாக்கிறோம்."

மூத்தவர் தொண்டையைச் செருமினார். "நங்கி..." என்றார். தங்கச்சி முறை வைத்து அவர் அப்படிக் கூப்பிட்டால் ஏதோ வாங்கப்போகிறார் என்று அர்த்தம். "அம்மாட தானத்தை ஊரே பேசுற மாதிரி செய்யோணும். கூடாரம் போடுவோம். கோழி, மீன், கஜுக் கறி, தயிரும் கித்துல் பாணியும். நான் எல்லாருக்கும் சொல்லிட்டன்."

"காசு அண்ணே?"

"அதான் மரம் நிக்குதே." குசினிப் பக்கம் கையைக் காட்டினார். "பலா மரத்துக்கு இப்ப என்ன விலை தெரியுமா? பியரத்ன வந்து பார்த்து எடுப்பான். வெட்ட அனுமதி எடுக்கிறதெல்லாம் அவன் பொறுப்பு."

"அது சும்மா நிக்கல அண்ணே. இந்த வீட்டில மூணு வேளையும் உழைக்கிறது அதுதான்."

"காணி இன்னும் அம்மா பேர்ல. அம்மாட மரம், அம்மாட தானத்துக்கு. இதில உனக்கு வேற என்ன நியாயம் வேணும்?"

சுனந்தவைப் பார்த்தேன். அவர் கருப்பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மானெல்தான் வாயைக் கொடுத்தாள். "அப்ப என்ன, தானத்துக்கு வாற ஆக்களுக்குப் பலாக்காயா அவிச்சுக் குடுக்கப்போற?"

அதுவரை எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. அவள் சொன்ன பிறகு அதைவிட நல்ல எண்ணம் எனக்குத் தோன்றவும் இல்லை. "ஓம். பலாக்காய்தான்" என்றேன்.

மூத்தவர் எழுந்துவிட்டார். "உன்ட கஞ்சத்தனத்தை உன்ட அடுப்போட வச்சுக்கோ. உன் வயித்தைக் குறை, உன் பிள்ளைகள்ட வயித்தைக் குறை. எங்கட அம்மாட புண்ணியத்தில கை வைக்காத!"

என் பிள்ளைகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. அவர் அம்மாவுக்கு மலம் அள்ளியவள் நான்.

அப்போதுதான் சுனந்த வாயைத் திறந்தார். "அண்ணே, மரம் போனா வாற சனத்துக்கு நிழல் எங்க? கூடாரத்துக்கு வேற காசு. தானம் முடியட்டும்."

அண்ணனை எதிர்த்து அவர் பேசியது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. மூத்தவருக்கும் கூடாரக் காசு மிச்சம் என்பது பிடித்திருந்தது. "சரி. சமையலை உன்னட்ட விடுறன் நங்கி. யாராவது ஓராள் முகம் சுளிச்சாலும் மறுநாள் காலமை மரம் கீழ."

"ஒருத்தரும் சுளிக்காட்டி?"

சிரித்தார். காரில் ஏறினார்.

புதன்கிழமை மரவியாபாரி பியரத்ன வந்தார். மரத்தைக் கட்டிப்பிடித்து நாடாவால் அளந்தார். கைக்கோடாலியால் பட்டையில் ஒரு சில்லு செதுக்கி உள்நிறம் பார்த்தார். வெட்டிய இடத்தில் பால் வடிந்தது.

"யாரும் சுளிக்காட்டி வெட்டுறதில்லன்னு பேச்சு" என்றேன்.

"என்னோட கோவிக்காதீங்க நோனா. எப்படியும் வெட்டுறதுதான், தானத்துக்கு மறுநாள் ஆக்களோட வான்னு உங்க அண்ணன் சொல்லிட்டாரு."

சமைத்து ஜெயித்தாலும் தோல்விதான் என்று அப்போது விளங்கியது. ஆனாலும், "அப்ப தானத்துக்கும் வாங்க. சாப்பிட்டுட்டு வெட்டலாம்" என்று பியரத்னவைக் கூப்பிட்டு வைத்தேன். அவர் போனதும் சேலையை மாற்றிக்கொண்டு நேரே விகாரைக்கு நடந்தேன்.

பெரிய பிக்கு முற்றத்தில் விளக்குமாறோடு நின்றார். கும்பிட்டுவிட்டு, "ஹாமுதுருவே, ஒரு பொருளைத் தானமாக் குடுத்துத் தண்ணி வார்த்த பிறகு திருப்பி எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம் மகள்" என்றார். "எடுத்த ஆளைத்தான் நான் இன்னும் பார்க்கல."

தானத்துக்கு முதல்நாள் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் எங்கள் முற்றத்தில்தான். ஒருத்தி பாதித் தேங்காய் கொண்டுவந்தாள், ஒருத்தி ஒரு பிடி செத்தல் மிளகாய், ஒருத்தி வேலியைப் பிடுங்கி விறகு. முழுசாக எதுவும் யாரிடமும் இல்லை. எல்லாப் பாதியும் சேர்ந்தபோது என் குசினி நிறைந்துவிட்டது. பால் ஒட்டாமல் கத்திக்கும் கைக்கும் எண்ணெய் பூசிக்கொண்டு பலாக்காய் வெட்டினோம். மல்காந்தி பெட்டி பெட்டியாகத் தலையணைகளைச் சுமந்து வந்து இறக்கினாள்.

"கஞ்சத் தம்மிகா வீட்டு விருந்து" என்றாள். "இதைக் கேட்டா யாரும் நம்புவாங்களா?"

"வாயை மூடிட்டு கொட்டையை உரி."

மறுநாள் காலையில் மூத்தவர் வந்து முதலில் குசினிக்குள் நுழைந்தார். ஒரு மூடியைத் திறந்தார். கொறுக்காய்ப் புளி போட்டுக் கறுக்கக் கறுக்க வற்றிய பலாப்பிஞ்சுக் குழம்பு. அடுத்ததைத் திறந்தார். தேங்காய்ப்பாலில் மஞ்சளாக வெந்த பலாக்காய். அடுத்தது வறுத்தரைத்த பலாக்கொட்டைக் கறி. அடுத்தது தேங்காய்ப்பூ தூவிய அவியல், அவர் அம்மாவின் அவியல். கடைசிப் பெட்டியில் தலையணைகளுக்கு நடுவில் பிக்குகளுக்கு என்று ஒரு பானைச் சோறு இருந்தது. சோற்றைக் கண்டதும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"கோழி எங்க?" என்றாள் மானெல்.

"மரத்தில கோழி காய்க்கல அக்கே."

பிக்குகள் வெள்ளை விரிப்பில் வரிசையாக அமர்ந்து சாப்பிட்டார்கள். பெரிய பிக்கு பலாக்கொட்டைக் கறியை இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். மூத்தவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். வேலியோரம் நின்ற பியரத்னவிடம் போய் அவர் குனிந்து பேசியது எனக்குக் கேட்டது. "நாளைக்கு ஆறு மணிக்கே வா. சனம் எழும்ப முந்தி."

சாப்பாடு முடிந்து புண்ணியம் கொடுக்கும் நேரம் வந்தது. பாயின் நடுவில் கிண்ணம் வைத்து, தண்ணீர்க் கூஜாவை மூத்தவர் பிடித்தார், மூத்தவர்தான் பிடிக்க வேண்டும். அவர் கைக்கு மேல் சுனந்தவின் கை, அதன் மேல் மானெலின் கை, பிறகு என் கை, பிள்ளைகளின் கைகள். முற்றம் முழுக்க ஊர் கைகூப்பி உட்கார்ந்திருந்தது. பெரிய பிக்கு மந்திரத்துக்கு வாயைத் திறக்கும் முன் நான் திறந்துவிட்டேன்.

"ஹாமுதுருவே, ஒரு வார்த்தை. இண்டைக்கு நீங்க சாப்பிட்டது எல்லாம் எங்க அம்மாட மரத்தில காய்ச்சது. அரிசி வாங்கேலாத காலத்தில எங்களைக் காப்பாத்தினதும் அதுதான். இனிமே அந்த மரம் காய்க்கிற காலம் வரைக்கும், முதல் காய் விகாரைக்கு. மிச்சத்தில, இந்த ஒழுங்கையில பசிச்சவங்க யார் வந்தாலும் கேக்காம வெட்டிக்கலாம். அதை நாங்க எல்லாரும் சேர்ந்து இப்ப தானமாக் குடுக்கிறோம். அந்தப் புண்ணியம் அம்மாவுக்குப் போகட்டும்."

எனக்குக் கீழே இருந்த கைகளில் ஒன்று துடித்தது. அது யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. இழுத்துக்கொள்ளப் பார்த்தது. நான் அழுத்தினேன். என் கைக்குக் கீழே இன்னொரு கையும் அழுத்தியது. சுனந்த என்னைப் பார்க்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அண்ணன் கையை விடவில்லை.

பெரிய பிக்கு மூத்தவரைப் பார்த்தார். "மூத்த மகன், சம்மதம்தானே?"

அம்மாவின் படம் சுவரில் இருந்தது. அம்மாவின் புண்ணியத்தில் கை வைக்காதே என்று எனக்குச் சொன்ன மனுஷன், ஊர் முழுக்கப் பார்க்க, அம்மாவுக்கு இந்தப் புண்ணியம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரை வார்க்க வேண்டும்.

"சம்மதம் ஹாமுதுருவே" என்றார். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

மந்திரம் எழுந்தது. தண்ணீர் விழுந்தது. கிண்ணம் நிறைந்து வழிந்தபோது முற்றமே புண்ணியத்தை ஏற்று "சாது, சாது, சாது" என்றது. மல்காந்தியின் சத்தம்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

பிக்குகள் புறப்பட்டதும் சனம் சாப்பிட உட்கார்ந்தது. முகம் சுளித்த ஆள் யாரும் இல்லை. மாதக்கணக்கில் வயிறு நிறையத் தின்னாதவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தின்றார்கள். பியரத்ன ஒரு தட்டை முடித்து இன்னொரு தட்டுக்கு நீட்டினார்.

மூத்தவர் என்னைக் குசினிப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னை ஏமாத்திட்ட நங்கி."

"இல்ல அண்ணே. நாளைக்கு ஆறு மணிக்கு ஆள் வரச்சொன்னது நான் இல்ல."

முகம் செத்துப்போனது. "காணி இன்னும் பிரிக்கல. ஞாபகம் வச்சுக்கோ."

"பிரிங்க. மரத்தை மட்டும் அம்மாவுக்குக் குடுத்தாச்சு. வேணும்னா அவங்ககிட்டத் திருப்பிக் கேளுங்க."

புண்ணியத் தண்ணீரைக் காலடியில் கொட்டக்கூடாது, ஏதாவது மரத்தடியில்தான் ஊற்ற வேண்டும். நிறைந்த கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினேன். "நீங்கதானே மூத்தவர். நீங்களே ஊத்துங்க."

தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாங்கிக்கொண்டார். சிந்தாமல் நடந்து போய்ப் பலாமரத்தடியில் நின்றார். பியரத்ன செதுக்கிய இடத்தில் பால் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு குனிந்து தண்ணீரை ஊற்றினார்.

"வேரடியில நல்லா ஊத்துங்க அண்ணே" என்றேன் பின்னால் நின்று. "அடுத்த வருஷமும் காய்க்கோணும்."

கிண்ணத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு பியரத்னவுக்கு இன்னும் கொஞ்சம் கறி போடப் போனேன்.