பக்கத்து சீட்டு பிரேக்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரம்மாவின் வலது காலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் இருக்கிறது. ஓட்டுகிறவர் தடுமாறினால் போதும், கால் அதைச் சத்தமில்லாமல் அமுக்கிவிடும். "பாத்தீங்களா, எவ்வளவு அழகா நிறுத்துனீங்க!" என்று வாய் பாராட்டும். பதினோரு வருஷத்தில் இப்படி எத்தனையோ பேருக்கு முதலில் தைரியமும் பிறகு லைசென்ஸும் வந்திருக்கின்றன.

வீட்டுக்காரரிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே, கீழே தவிர மூன்றாவது திசை இல்லாத தொழில். கல்யாணமான புதிதில் கார் கற்றுக்கொள்ள மூன்று நாள் வந்தார். நான்காம் நாள், தான் போட்டதாக நினைத்த பிரேக்கெல்லாம் அவள் போட்டது என்று கண்டுபிடித்தார். நடுத்தெருவில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போனவர், அதற்கப்புறம் கார் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை.

தொட்டதெல்லாம் வீடியோ கேம் ஸ்டீயரிங்கைத்தான். பின் அறை மேஜையில் அதைத் திருகி வைத்து, கீழே இரண்டு பெடலையும் வைத்து, கார் பந்தயத்தில் இறங்கினார். அதில் சுலபம், நடுத்தரம், நிஜம் என்று மூன்று படிகள். "சுலபத்துல ஓட்டுறதும் சும்மா இருக்கிறதும் ஒண்ணு" என்று நேரே நிஜத்துக்குப் போனார். நிஜம் அவரைப் புரட்டி எடுத்தது. டயர் சூடேறும்வரை கார் வழுக்கும். பிரேக்கை ஒரு மயிரிழை கூடுதலாக மிதித்தால் சக்கரம் இறுகிக்கொண்டு கார் சுவரில் போய் நிற்கும். தினமும் அதே மூன்றாவது வளைவு, அதே சுவர். மனுஷர் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அந்த வளைவைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து வாத்தியாரம்மா செட்டிங்ஸைத் திறந்தாள். மூன்றாம் பக்கத்தின் அடியில் 'பிரேக் உதவி' என்று ஒரு வரி ஒளிந்திருந்தது. அதை 'ஆன்' செய்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் ஜெயிக்க ஆரம்பித்தார். வீட்டில் விசில் சத்தம் கேட்டது.

விசிலோடு நின்றிருந்தால் தேவலை. "பிரேக் உதவி போட்டு ஓட்டுறவனெல்லாம் ஒரு ஆளா?" என்று கம்பெனி ஸ்டோர் கீப்பரை நாலு பேர் முன்னால் கிண்டலடித்துவிட்டு வந்தார். ஸ்டோர் கீப்பர் சும்மா இருப்பாரா? கம்பெனிக் குடும்ப விழாவில் பந்தயமே வைத்துவிட்டார். விதி ஒரே வரி: எந்த உதவியும் கிடையாது.

விழா நோட்டீஸில் அந்த வரியை வாத்தியாரம்மா இரண்டு தடவை படித்தாள். சொல்லாவிட்டால் அத்தனை பேர் முன்னால் அவர் மானம் போகும். சொன்னால், ஒரு தடவை செய்ததையே மறுபடியும் செய்தவள் ஆவாள். முதல் தடவைக்கே காரை விட்டு இறங்கிப் போனவர். இந்தத் தடவை எதை விட்டு இறங்குவாரோ! விழாவுக்கு நாலு நாள் இருக்கையில் துணிந்து சொல்லிவிட்டாள்.

அவர் மூன்றாம் பக்கத்தைத் திறந்து பார்த்தார். உதவியை அணைத்துவிட்டு ஓட்டினார். மூன்றாவது வளைவில் சுவர் பத்திரமாகக் காத்திருந்தது.

"எத்தன நாளா?"

"எட்டு மாசமா."

"அப்போ நான் ஜெயிச்சதெல்லாம்?"

"வளைச்சது நீங்கதாங்க. பிரேக் மட்டும்தான்..."

கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. "நான் தானா நிறுத்துவேன்னு உனக்கு ஒரு நாளும் தோணலையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு நாளும் உள்ளேயிருந்து மோதும் சத்தம்தான் வந்தது. வெளியே வந்தால் "உப்பு எடு" என்பதற்கு மேல் பேச்சில்லை. அவளுக்கு அழுகையாக வந்தது.

விழாவில் ஒவ்வொருவராக ஐந்து சுற்று ஓட்ட, பெரிய திரையில் எல்லோரும் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரில் இவர் கடைசியாக ஓட்டினார். முதல் சுற்றிலேயே சுவர். கூடம் சிரித்தது, ஸ்டோர் கீப்பர் கூடுதலாகச் சிரித்தார். முன்வரிசையில் இருந்த வாத்தியாரம்மாவின் வலது கால் தரையை டொக் டொக்கென்று மிதித்துக்கொண்டிருந்தது. "கால்ல எறும்பா?" என்று பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கேட்டுவிட்டார். இன்னும் இரண்டு தடவை சுவர். ஐந்தாவது சுற்றில் அவர் வளைவுக்கு வெகுமுன்பே பிரேக்கைத் தொட்டார். கார் கல்யாண ஊர்வலம் மாதிரி அசைந்து திரும்பியது, ஆனால் மோதவில்லை. ஒன்பதாவது இடம்.

"என்ன சாம்பியன், சுவரு எப்படி இருக்கு?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"நிஜமாவே இருக்குங்க. மோதுனதும் நிஜமாவே நான்தான்" என்றார் இவர்.

வெளியே விழாக் கூட்டம் கலைந்து, வண்டி நிறுத்தும் இடம் காலியாகக் கிடந்தது. பயிற்சிக் கார் மட்டும் நின்றது. அவர் ஓட்டுகிறவர் பக்கமாகப் போய் நின்று கையை நீட்டினார்.

"சாவி."

"என்னங்க, உங்களுக்கு லைசென்ஸ்..."

"கேட்டுக்குள்ளதான், ஒரே ஒரு நேர்கோடு. நீ அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உக்காரு."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பந்தியில் உட்காருகிற மாதிரி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என்ஜின் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாம் தடவை கார் உறுமிக்கொண்டு நகர்ந்தது. எதிரே காம்பவுண்டுச் சுவர் வந்துகொண்டிருந்தது. தொடைக்கு அடியில் வலது கால் துடித்தது. அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்னங்க..."

"சம்மணம்!"

கார் நின்றது. சுவருக்கு இன்னும் இரண்டு முழம் இருந்தது.

"எவ்வளவு அழகா நிறுத்துனீங்க!" என்றாள். ஆயிரம் பேருக்குச் சொன்ன வாக்கியம்தான், இப்போதுதான் காலை அசைக்காமல் சொன்னாள். உடனே, "கால் மரத்துப் போச்சு, வீட்டுக்கு எப்படி ஓட்டுவேன்?" என்று சிடுசிடுத்தாள்.

அவர் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார்.

"மெதுவாப் போலாம். கால நீட்டிக்கோ."