கடல் அமைதியாக இருந்தது

புதுவாயல் கூட்ரோட்டில் அரிசி மண்டியாக இருந்த கட்டடத்தைத்தான் கம்பெனிக்காரர்கள் வாடகைக்கு எடுத்து ஆபீசாக்கியிருந்தார்கள். தவிட்டு வாசனை இன்னும் போகவில்லை. மேஜைக்கு முன்னால் இராமலிங்கத்தை நிற்க வைத்துவிட்டு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மணவாளன் ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"'மேற்படி தேதியில் கடல் அமைதியாக இருந்தது. வானம் தெளிவாக இருந்தது. மேற்படி செங்கல்வராயன் மது அருந்திய நிலையில் கட்டுமரத்தைச் செலுத்தியதாலும், அலுவலர் எச்சரித்தும் கேளாமல் அலையை எதிர்கொண்டதாலும் மரம் கவிழ்ந்து இறந்துபோனார். இதில் வேறு எவர்மீதும் எனக்குப் புகார் இல்லை.' அவ்ளோதான். கையெழுத்து போடுவியா, கைநாட்டா?"

"போடுவேன் சார். ஆனா இதுல போடமாட்டேன்."

பேனா மூடியைக் கழற்றிய மணவாளன் அப்படியே நிறுத்தினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கம்பெனி சர்வே ஆபீசர் துளசிராமன் காலை ஆட்டுவதை நிறுத்தவில்லை. அவர்தான் அந்தத் தாளைச் சொல்லி எழுத வைத்தவர் என்பது இராமலிங்கத்துக்குத் தெரியும். சர்க்கார் விசாரணையைக் கம்பெனி ஆபீசில், கம்பெனி டீயைக் குடித்துக்கொண்டு நடத்தினால் வேறு எப்படி எழுதுவார்கள்.

கதவோரம் தரையில் அவன் தங்கை குப்பாயி உட்கார்ந்திருந்தாள். செங்கல்வராயன் அவள் புருஷன். செத்து ஒன்பது நாள் ஆகிறது. பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ்சில் அண்ணனும் தங்கையும் வந்திருந்தார்கள்.

"இன்னாய்யா தப்பா எழுதிட்டேன்?" என்றார் மணவாளன்.

"மொத வரியே தப்பு சார். கடல் அமைதியா இருந்துதுன்னு யாரு சொன்னது?"

"ரேடியோவுல சொன்னான்," என்றார் துளசிராமன். "காலையில ஆறே முக்காலுக்கு. நானே கேட்டேன். நானே பாத்தேன். குளம் மாதிரி கிடந்துது."

அன்றைக்குக் கரையிலும் அவர் இதையேதான் சொன்னார். ஒன்பது நாளாக அந்தக் குளம் என்ற வார்த்தை இராமலிங்கத்தின் காதில் உட்கார்ந்துகொண்டு எழுந்து போகமாட்டேன் என்கிறது.

அவர்கள் குப்பத்துக்கு நேராக, கரையிலிருந்து முக்கால் மைலில், தண்ணீருக்கடியில் ஒரு கல்மேடு கிடக்கிறது. பாரு என்பார்கள். கிழக்கே அதை மறைக்க ஒரு தீவு இல்லை, ஒரு திட்டு இல்லை. வங்கக்கடல் முழுசும் வந்து முதலில் முட்டுகிற இடம் அது. நல்ல நாளில் அதன் மேலேயே மரத்தை விட்டு சங்கராவும் களவாயும் தூண்டிலில் பிடிக்கலாம். கெட்ட நாளில் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். எந்த நாளிலும் அதன் மேல் மரத்தை நிறுத்திக் கட்டுவது கிடையாது. மீன் பிடித்தாலும் மிதந்துகொண்டேதான் பிடிப்பார்கள். அலை எழுந்தால் மரமும் கூட எழவேண்டும், ஓட வழி வேண்டும்.

அந்தப் பாருக்குத்தான் கம்பெனிக்காரன் குழாய் போடப் பார்த்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வரப்போகிற தொழிற்சாலையின் கழிவுத் தண்ணீரைக் கொண்டுவந்து அங்கே விடுவானாம். அதற்கு ஆழம் அளக்க வேண்டும். குப்பத்தில் முறை வைத்து, நாளைக்கு இரண்டு பேர் ஒரு மரம் என்று கேட்டிருந்தார்கள். அன்றைக்கு இராமலிங்கமும் செங்கல்வராயனும்.

ஐப்பசி மாசம். முந்தின ராத்திரியே பாரு உறுமுவது ஊட்டுக்குள் கேட்டது. விடிந்து கரைக்கு வந்தால் மேகம் இல்லை, காற்று மேற்கிலிருந்து மெல்ல வீசுகிறது, கரையில் முழங்காலுக்குக்கூட அலை இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாருக்கு மேலே தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி இருந்தது. அடித்தரை கலங்கினால்தான் அப்படி ஆகும். வடக்குக் காற்றே இல்லாமல் வடக்கிலிருந்து நீரோட்டம் இழுத்தது. எல்லாவற்றையும்விட, அலை வந்த முறை. நாலு அலை சேர்ந்து வந்து பாரில் வெடிக்கும். பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒன்றுமே வராது. இடைவெளி நீண்டால், எங்கேயோ நடுக்கடலில் பெரிய காற்று அடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காற்று இங்கே வரவேண்டியதில்லை. அலை வந்தால் போதும்.

"சார், இன்னிக்கி வேணாம். பாரு சரியில்ல," என்று செங்கல்வராயன்தான் சொன்னான்.

"எங்கய்யா சரியில்ல?"

"கொஞ்சம் நில்லுங்க சார். வரும், காமிக்கிறேன்."

துளசிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார். எட்டு நிமிஷம் நின்றார். கடல் வழவழவென்று கிடந்தது. பிறகு திரும்பி ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்ற ஆரம்பித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நாலு அலையும் வந்து பாரில் அடித்து, நுரை பனைமரத்து உயரம் எழுந்து அடங்கிப்போனது. சத்தம் கேட்டுத் திரும்பியபோது வெள்ளை நுரைதான் மிச்சம்.

"இதுக்கா பயப்படறீங்க? நேத்து போட்ட சரக்கு இன்னும் எறங்கலையா?"

செங்கல்வராயன் முந்தின நாள் சாயந்திரம் குடித்திருந்தான். குடிக்கிறவன்தான். ஆனால் காலையில் மரத்தில் கால் வைக்கும்போது வாயில் வெற்றிலைகூடப் போடமாட்டான்.

"சரக்கெல்லாம் எறங்கிடுச்சு சார். கடல்தான் ஏறிக்கினு கீது," என்றான்.

"கிண்டலா? வரமுடியாதுன்னா சொல்லுங்க. பாருல ஒருத்தனும் மீன் புடிக்கக்கூடாதுன்னு மேல எழுதி ஆர்டர் வாங்கறதுக்கு எனக்கு ரெண்டு நாள் ஆவாது."

அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது. நாற்பது ஊட்டுக்கு அடுப்பு அந்தப் பாரில்தான் எரிகிறது.

"வா மச்சான்," என்றான் செங்கல்வராயன். "தொரைக்கு ஒரு கயிறு நனைச்சிக் குடுத்துட்டு வந்துரலாம்."

இதையெல்லாம் இராமலிங்கம் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னான். கலங்கல், ஓட்டம், நாலு அலை, பத்து நிமிஷம். மணவாளன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேனா நகரவில்லை.

"இத்தையெல்லாம் எப்படிய்யா எழுதறது? தண்ணி கலங்கியிருந்துது, அலை எண்ணினேன்னு எழுதினா தாசில்தார் சிரிப்பார்."

"சிரிக்கட்டும் சார். எங்க மச்சான் செத்தாரு. அதுக்கும் சேத்து சிரிக்கட்டும்."

"பாத்து பேசு," என்றார் துளசிராமன்.

"பாத்துதான் பேசறேன். நீங்கதான் அன்னிக்கி பாக்கல. காபி ஊத்திக்கினு இருந்தீங்க."

"யோவ்." மணவாளன் மேஜையைத் தட்டினார். "சரி, போனீங்க. அப்புறம் இன்னா ஆச்சு? அத்தைச் சொல்லு."

இந்த இடத்துக்கு வரவேண்டும் என்று இராமலிங்கத்துக்குத் தெரியும். குப்பத்தில் கேட்டவர்களிடம் எல்லாம் அலை வந்தது, மரம் கவிழ்ந்தது என்று மட்டும் சொல்லிச் சமாளித்திருந்தான். குப்பாயியிடமும் அதையேதான் சொன்னான். மரத்தின் முன்தலையில் நடந்ததைப் பார்த்த இரண்டு பேரில் ஒருத்தன் மண்ணுக்குள் இருக்கிறான்.

"இவரு பாரு மேல மரத்த நிறுத்தச் சொன்னாரு. நங்கூரக் கல்லைப் போட்டு, கயித்த இறுக்கிக் கட்டி, கொஞ்சம்கூட தொய்வு இல்லாம. அப்பத்தான் ஆழம் சரியா வருமாம். இவரு கரையில முக்காலி வெச்ச கண்ணாடில பாத்துக்கினு இருப்பாரு. கரையில ஏத்தின செவப்புக் கொடிய எறக்கற வரைக்கும் அசையக்கூடாது."

"நிறுத்தினீங்களா?"

"நிறுத்தினோம். கயிறு முன்தலையில. நான் கட்டினேன்."

அது கம்பெனிக் கயிறு. நைலான். இராமலிங்கம் அதுவரை அப்படிப்பட்ட கயிற்றைக் கையில் தொட்டதில்லை. வெள்ளையாக, வழுவழுப்பாக, சுண்டுவிரல் கனத்தில் ஒரு மரத்தையே தாங்கும் என்றார்கள். காலையில் அதை எடுத்துக் கொடுக்கும்போது, ஃபாரின் கயிறு, தொலைச்சீங்கன்னா குப்பத்துமேல எழுதுவேன் என்று துளசிராமன் சொல்லியிருந்தார். இராமலிங்கத்துக்கு அந்தக் கயிற்றின்மேல் ஆசை விழுந்துவிட்டது. வேலை முடிந்ததும் கேட்டுப் பார்க்கலாம், வலைக்கு ஆகும் என்று நினைத்தான். கத்தாழைக் கயிற்றுக்கும் தென்னங்கயிற்றுக்கும் போடுகிற முடிச்சையே அதற்கும் போட்டான். அவன் கைக்கு வேறு முடிச்சு தெரியாது. அந்த முடிச்சு எத்தனை இழுத்தாலும் பிடிக்கும், வாலைச் சுண்டினால் அவிழும். முப்பது வருஷமாக அவிழ்ந்திருக்கிறது.

"பத்து நிமிஷம் ஆயிடுச்சு மச்சான், கெளம்பு" என்று செங்கல்வராயன் பின்னாலிருந்து சொன்னான். கொடி இறங்கவில்லை. கிழக்கே அடிவானக் கோடு கறுத்தது. முதல் அலை தூரத்திலேயே எழும்புவது தெரிந்தது. இராமலிங்கம் முடிச்சின் வாலைச் சுண்டினான். வரவில்லை. இன்னொருதரம் சுண்டினான். நைலான் தனக்குள்ளேயே கடித்துக்கொண்டு கல் மாதிரி இறுகியிருந்தது.

"அப்ப என் மச்சான் கத்திய எடுத்துக்கினு முன்னால வந்தாரு," என்றான் இராமலிங்கம். "அறுத்துடறேன்னாரு."

"அறுத்தானா?"

இராமலிங்கம் கதவோரம் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் கைய புடிச்சிட்டேன் சார். புதுக் கயிறு மச்சான், அறுக்காத, இரு, அவுத்துடறேன்னேன். ரெண்டாவது வாட்டி அவரு குனிஞ்சாரு. அப்பவும் இருன்னேன். அதுக்குள்ள அலை வந்துடுச்சு. மரத்துக்கு மேல எழ முடியல. கயிறு கீழ புடிச்சிக்கினு இருந்துது. தல உள்ள போயி, வாலு மேல வந்து, கட்டு அறுந்து மரம் பிரிஞ்சுது. ஒரு கட்டை அவரு தலையில."

சடலம் மூன்றாம் நாள் தெற்கே, காட்டுப்பள்ளிப் பக்கம் ஒதுங்கியது. அதை அவன் சொல்லவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

துளசிராமன் முதல்முறையாகக் காலை ஆட்டுவதை நிறுத்தினார்.

"கேட்டுக்குங்க சார். அவன் வாயாலயே சொல்லிட்டான். கயிறு அறுக்க விடல. இத்தை எழுதிக்குங்க, இது போதும். கடல் அலையெல்லாம் வேணாம்."

மணவாளன் பழைய தாளைத் தள்ளிவிட்டுப் புதுத் தாளை எடுத்தார். பேனா இப்போது ஓடியது. உடன் சென்ற இராமலிங்கம் என்பவர் கயிற்றை அறுக்க விடாமல் தடுத்ததால் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். இராமலிங்கம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அவர் அந்த வரிக்கு முற்றுப்புள்ளி வைத்துத் தாளை அவன் பக்கம் திருப்பியபோது அவன் பேனாவை வாங்கவில்லை.

"மீதி எங்க சார்?"

"எந்த மீதி?"

"வேணாம்னு எங்க மச்சான் சொன்னது. எழுதி வாங்கிடுவேன்னு இவரு மெரட்டினது. கயித்த இறுக்கச் சொன்னது, கொடி எறக்காதது. நான் செஞ்சதும் எழுதுங்க. நான் ஓடிப்போகல. ஆனா அத்தை மட்டும் எழுதி, இவர மட்டும் தூக்கி வெளிய வெச்சா இன்னா அர்த்தம்?"

"போடறதுன்னா போடு. இல்லன்னா ஸ்டேஷனுக்கு அனுப்பறேன், அங்க சொல்லு."

குப்பாயி எழுந்து வந்தாள். அவள் நடந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேஜைமேல் இருந்த தாளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மீன்கூடை சுமந்து காய்த்துப்போன கை.

"அனுப்பு," என்றாள். "நானும் வரேன். குப்பத்துல எல்லாரும் வருவாங்கோ. ஜீப்பு பத்தாது, லாரி கொண்டா."

"ஏம்மா, கைய எடு."

"எடுக்கமாட்டேன். எங்கண்ணன் சொன்னதுல உனக்கு வேண்டியத மட்டும் பொறுக்கிக்கினியே, அது இன்னா நியாயம்? மீனு வாங்கினாக்கூட முள்ளோடதான் வாங்கணும். எழுது. தண்ணி கலங்கியிருந்துது. ஓட்டம் வடக்கேருந்து. நாலு அலை, பத்து நிமிஷம். எல்லாம் எழுது. எம் புருஷன் வேணாம்னு சொன்னாரு, எழுது. குடிச்சிருந்தாருன்னு எழுதினா நாக்க புடுங்கிக்கிற மாதிரி கேப்பேன்."

அவள் கத்தவில்லை. ஆனாலும் வாசலில் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவனும், ரோட்டில் பஸ்சுக்கு நின்ற நாலு பேரும் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். துளசிராமன் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தப் போனவன் குப்பாயியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாத்தாமல் நின்றான்.

மணவாளன் கூட்டத்தைப் பார்த்தார், துளசிராமனைப் பார்த்தார். வேலைக்கு வந்த இடத்தில் பேஜாரு என்று முணுமுணுத்தார். மூன்றாவது தாளை எடுத்தார்.

"மெதுவா சொல்லு. ஒண்ணொண்ணா."

இராமலிங்கம் சொன்னான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் துளசிராமன் எழுந்து ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இரண்டு பக்கம் நிறைந்தது. குப்பாயிக்கு எழுத்து தெரியாது. மணவாளனை இரண்டுதரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கயிற்றைப் பற்றிய வரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகுதான் கையை எடுத்தாள். இராமலிங்கம் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. பழவேற்காடு பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இராமலிங்கம் அவளுக்கு முன்னால் போய்ப் படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏறும்மா" என்றான்.

"ஒம்பது நாளா எங்கூட்டுல சோறு துன்னியே," என்றாள் குப்பாயி. "ஒரு நாளாவது சொன்னியா?"

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

"நீ அடுத்த பஸ்ல வா."

அவள் ஏறிப் போய் மறுபக்கத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் விசில் ஊதினான். அடுத்த பஸ்சுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. இராமலிங்கம் அதில்தான் போனான்.