தட்டைத் தலைக்கு எண்ணெய்

பதினோரு வருடத்தில் அந்தப் பூனை எனக்குக் கொடுத்தது மூன்று படங்கள். ஒன்றில் ஈர முதுகு, ஒன்றில் பாதிக் காது, மூன்றாவதில் வால். அதை வைத்துத்தான் முனைவர் பட்டம் வாங்கினேன். "ஒரு வாலுக்கா டாக்டர் பட்டம்?" என்று என் தம்பி கேசவன் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நாலு பேர் முன்னால் கேட்கிறான். சிரித்துத் தொலைக்கிறேன்.

தட்டைத் தலைப் பூனை வீட்டுப் பூனையைவிடச் சின்னது. நெற்றி அமுங்கியிருக்கும், காதுகள் சிறுத்துத் தாழ இறங்கியிருக்கும், விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும். மீனும் தவளையும்தான் சாப்பாடு. தண்ணீரை விட்டு நகராது. தஞ்சோங் காராங்கில் நெல் வயல் முடிந்து செம்பனை எண்ணெய்த் தோட்டம் தொடங்கி, செம்பனையும் முடிந்து சதுப்புக் காடு தொடங்குகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எத்தனை என்று யாருக்கும் தெரியாது, எனக்கும்தான்.

உயிரோடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

செல்லன் அண்ணன் ஏழு தடவை பார்த்திருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை வெட்டுகிறவர். மாதத்தில் மூன்று நாள் காலையில் எனக்காக, வாய்க்கால் ஓரத்தில் நான் கட்டிவைத்த தானியங்கிக் கேமராக்களுக்கு பேட்டரி மாற்றுவார். "நேத்துகூட பாத்தேன் டாக்டரம்மா. பாரிட் வாய்க்கா ஓரமா குந்திக்கிட்டு, கைய உள்ள வுட்டு மீனத் தொழாவிக்கிட்டு இருந்துச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்ததுபோலச் சொல்வார். எனக்கு வயிறு எரியும். நல்ல மனிதர், ஆனாலும் எரியும்.

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து போன்.

"குமுதா வீட்டுல ஒரு பூனக்குட்டி கெடக்கு டாக்டரம்மா. தல சப்பையா இருக்கு. பாவம், அவ ரெண்டு நாளா எண்ணெ வச்சி உருட்டிக்கிட்டு இருக்கா. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு லா. வந்து பாருங்க."

கோல சிலாங்கூரிலிருந்து நாற்பது நிமிடப் பாதை. நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள்.

குமுதாவைத் தெரியாத வீடு அந்தப் பக்கம் இல்லை. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட ஜெராம் ஊர் வரைக்கும் கூப்பிடுவார்கள். நாற்பது வயதிருக்கும். கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, தலையை உள்ளங்கையால் மெல்ல மெல்ல உருட்டி விடுவாள். அவள் கைபட்ட பிள்ளை எதற்கும் தலை கோணியதில்லை என்று அவளே சொல்வாள்.

நான் போனபோது சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலில் குட்டி குப்புறக் கிடந்தது. வீடு முழுக்க சாம்பிராணி வாசம்.

"வெட்டிப் போட்ட ஓலைக்கு அடியில கெடந்துச்சு டாக்டர். யாரோ மிதிச்சிட்டாங்க போல, தல நசுங்கிப் போச்சு. மொத நாளைக்கு இப்பப் பரவால்ல. கொஞ்சம் உருண்டு வந்திருக்கு, பாருங்க."

பார்த்தேன். ஒரு இம்மியும் உருண்டு வரவில்லை. எந்தத் தலையை நான் பதினோரு வருடமாகத் தேடினேனோ, அதே தலை தேங்காய் எண்ணெயில் மினுமினுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. அவ்வளவு பெரிய கண்களை அவ்வளவு சின்ன முகத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. படங்களில் கண்ணே விழுந்ததில்லையே.

பக்கத்தில் குளியல் பேசின் இருந்தது. குட்டி அவள் காலிலிருந்து சரிந்து, அதன் விளிம்பில் எட்டி, முன்காலைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவியது. விரல் விரிந்தபோது சவ்வு தெரிந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அங்கே மீனும் இல்லை.

என் கை தானாக நீண்டது. இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவசியமில்லாமல் தொடக்கூடாது என்பது நான் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த விதி. குமுதா இரண்டு நாள் தொட்டிருக்கிறாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொறாமைதான்.

வனவிலங்கு அதிகாரியைக் கூப்பிட்டேன். நிதானமான மனிதர். "எடுத்த இடத்திலேயே இன்று மாலை வைத்துப் பாருங்கள். தாய் வந்தால் நல்லது. வராவிட்டால் நாளை ஒன்பது மணிக்கு நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்றார். எடுத்துக்கொண்டால் பிழைத்துவிடும். ஆனால் கூண்டில்தான். மனிதர் வளர்த்த குட்டிக்கு வாய்க்காலில் பிழைக்கத் தெரியாது.

கூண்டில் இருந்தால் சனிக்கிழமைதோறும் போய்ப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. தாய் வராமல் போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததும் கூசிப்போனேன். ஆனால் அந்த ஆசை போகவில்லை, உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

குமுதாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தல இன்னும் சரியாவலியே டாக்டர். இப்படியேவா வுடுறது?"

"அதோட அம்மாவுக்கும் இப்படித்தான் குமுதா. இந்தச் சாதிக்கே தலை இதுதான். நசுங்கல."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு நாளா அத சும்மா நோவடிச்சிருக்கேன்."

"இல்ல. சூடு குடுத்திருக்கீங்க. அதான் உசுரோட இருக்கு."

வெந்நீரில் துணி நனைத்து, எண்ணெய் போகும்வரை அவளே துடைத்தாள். காதுக்குப் பின்னால் மட்டும் நாலு தடவை துடைத்தாள். அவளுக்கும் விட மனமில்லை என்று தெரிந்தது.

மாலை ஆறரைக்கு வாய்க்கால் கரையில் நானும் செல்லன் அண்ணனும் மட்டும். ஒரு பக்கம் அறுத்த பிளாஸ்டிக் கூடையில் காய்ந்த புல் போட்டுக் குட்டியை வைத்தார். நான் ஆறடி தள்ளி ஒரு செம்பனையில் கேமராவைக் கட்டினேன். அவர் அதைப் பார்த்தார்.

"அது வேணுமா டாக்டரம்மா?"

அவர் எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். படம் எடுக்கும்போது அந்தக் கேமராவில் ஒரு சிவப்பு வெளிச்சம் வரும், மங்கலாகத்தான். ஆனால் முதுகு விழுந்த இடத்துக்கும், காது விழுந்த இடத்துக்கும், வால் விழுந்த இடத்துக்கும் அந்தப் பூனை மறுபடி வரவே இல்லை. தற்செயலாக இருக்கலாம் என்று அறிக்கையில் எழுதினேன். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

"சரி, கேமரா வேணாம். நான் அந்த மேட்டுல உக்காந்து பாக்குறேன் அண்ணே. அசையாம இருப்பேன்."

"காத்து அங்கேருந்து இங்க அடிக்குது. நம்ம வாசம் வரும்." என்றவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

குட்டி கத்தத் தொடங்கியது. மெல்லிய குரல். விட்டு விட்டு, பதில் வருகிறதா என்று கேட்டுக்கேட்டுக் கத்தியது. நான் இருக்கும்வரை அந்தக் குரலுக்குப் பதில் வராது. பதினோரு வருடமாக நான் நின்ற இடத்திலெல்லாம் அது வராததற்குக் காரணம் நான் நின்றதுதான். வாரை அவிழ்த்துக் கேமராவைத் தோள்பையில் போட்டேன். காருக்கு நடந்து போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் போயிருக்க மாட்டேன்.

மறுநாள் வெளிச்சம் வந்தபிறகு ஏழு மணிக்குப் போனோம். குமுதாவும் செல்லன் அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

கூடை காலி.

உடும்பாக இருந்தால் வால் இழுத்த கோடு இருக்கும். இல்லை. செல்லன் அண்ணன் குந்திக் கறுப்புச் சேற்றைக் காட்டினார். தண்ணீரிலிருந்து கூடைக்கு ஒரு வரிசை, கூடையிலிருந்து தண்ணீருக்கு ஒரு வரிசை. விரல்கள் அகன்று, நகம் பதிந்திருந்தது. கடைசித் தடத்தில் அடியிலிருந்து தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க நிறைந்தது.

"இப்பத்தான் லா தூக்கிட்டுப் போயிருக்கு. அஞ்சு நிமிசம் இருக்குமா?" என்றார். "கொஞ்சம் முன்ன வந்திருந்தா நீங்க பாத்திருக்கலாம்."

"முன்ன வந்திருந்தா அது வந்திருக்காது அண்ணே."

சரியான பதில்தான். அதிகாரிக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொன்னேன். குரல் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு சேற்றில் உட்கார்ந்து அழுதேன். குமுதா என் தலையில் கை வைத்து, "சந்தோசமான விசயந்தானே டாக்டர், அம்மாகிட்ட போயிருச்சே" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். சந்தோஷம்தான். இருந்தாலும் எனக்கு அதைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.