பழுப்புத்தாள் போர்த்திய பன்றி

வெண்டலின் இறுதிச் சடங்குக்கு ஒரு படம் வேண்டுமென்று பாதிரியார் கேட்டார். கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேற படம் இல்லையா, லொரேன்?"

படத்தில் என் கணவர் ஒரு பன்றிக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வெண்டல் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர். நான் அங்கே மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இந்தப் படம் எடுத்த ஆண்டு மாவட்டக் கல்வி அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது: வசந்தகாலத் தேர்வில் மூன்றாம் வகுப்பின் வாசிப்பு மதிப்பெண் ஏறவில்லை என்றால் பள்ளியை மூடிவிடுவார்கள். பிள்ளைகள் பேருந்தேறிப் பக்கத்து ஊருக்குப் போகவேண்டியதுதான்.

எங்கள் அயோவா மாநிலத்தில் தலைமையாசிரியர்கள் இதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் படித்தால் நான் கோமாளி ஆகிறேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுப்பார்கள். ஒருவர் பள்ளிக் கூரைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இன்னொருவரைப் பிள்ளைகள் ஒட்டுநாடாவால் சுவரோடு சேர்த்து ஒட்டினார்கள். வெண்டல் ஒலிபெருக்கியில் பன்றிக்கு முத்தம் என்று அறிவித்துவிட்டார். அவருக்கோ பன்றி என்றாலே குலை நடுங்கும்.

"ஏன் வெண்டல், மொட்டை போட்டுக்கறேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"போடறதுக்கு மண்டையில என்ன இருக்கு?"

என் வகுப்பு டெலியா, ஊர்ச் சந்தையில் நடக்கும் கால்நடைப் போட்டிக்கு வளர்த்த பன்றியைக் கொண்டுவந்து பள்ளிக்குப் பின்னால் அடைத்தாள். அதன் பெயர் பிஸ்கட். யாராவது சத்தமாக வாசித்தால் பிஸ்கட் காதை மடக்கிக்கொண்டு கேட்கும். நிறுத்தினால் உறுமும். வாசிக்கச் சொன்னால் மேசைக்கு அடியில் ஒளியும் பிள்ளைகள்கூட அதன் உறுமலுக்குப் பயந்து பக்கம் பக்கமாக வாசித்தார்கள். குளிர்காலம் முடிவதற்குள் தண்ணீர் பட்ட பாடாக வாசித்தார்கள்.

ஆனால் பன்றிக்கு மட்டும்தான் வாசித்தார்கள். வகுப்பில் மாதிரித் தேர்வு வைத்தேன். ஒரு பென்சில் அசையவில்லை.

"பிஸ்கட் கேக்கலன்னா எப்படி டீச்சர் படிக்கிறது?" என்றாள் டெலியா.

எனவே தேர்வு நாளன்று பட்டியை என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே மாற்றினோம். மேற்பார்வைக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து கானி ப்ராட் வந்தார். தேர்வு நாளில் பிள்ளைகள் பார்த்து எழுதிவிடாதபடி எழுத்து என்று எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது விதி. முந்தின நாளே அகரவரிசை, நாட்காட்டி, பிறந்தநாள் அட்டை எல்லாவற்றையும் பழுப்புத்தாளால் மூடியிருந்தேன். கானி திருப்தியோடு தலையாட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"வெண்டல், அந்தப் பன்னி மேல எழுத்து இருக்கு."

இருந்தது. வெற்றி வேண்டிப் பிள்ளைகள் கால்நடைக்கு அடையாளம் போடும் நீலச் சாயத்தால் ஏ முதல் இசட் வரை அதன் உடம்பில் எழுதியிருந்தார்கள். தேய்த்தாலும் போகாத சாயம்.

"அது பன்னி, கானி."

"எழுத்து இருந்தா பாடப்பொருள். ஜன்னலுக்குத் திரை போடுங்க."

"போட்டா ஒரு புள்ளயும் எழுதாது."

"அப்போ பன்னிய மூடுங்க."

வெண்டல் தாள்சுருளையும் ஒட்டுநாடாவையும் தூக்கு மேடைக்குப் போகிறவர் போல ஏந்திக்கொண்டு போனார். வகுப்பே ஜன்னலில் அப்பிக்கொண்டது. பிஸ்கட் முதலில் தாளைத் தின்றது. அப்புறம் நாடாவை. அப்புறம் வெண்டலின் கழுத்துப்பட்டையைக் கவ்வி இழுத்தது.

"சார், படிங்க! படிச்சாத்தான் நிக்கும்!" என்று டெலியா கத்தினாள்.

"படிக்க என்கிட்ட என்ன இருக்கு?"

கானி பெருமூச்சு விட்டபடி, தன் கையிலிருந்த தேர்வு விதிமுறைப் புத்தகத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். வெண்டல் நடுங்கிய குரலில் வாசிக்கத் தொடங்கினார். "தேர்வறைக்குள் உணவு கூடாது." பிஸ்கட் நின்றது. "எந்தக் கேள்விக்கும் மேற்பார்வையாளர் விளக்கம் தரக்கூடாது." உட்கார்ந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் குறட்டை விட்டது. அவர் ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்து வாசித்தபடி, மறு கையால் அதைக் கல்யாணப் பரிசு போலச் சுற்றிக் கட்டினார்.

"மூக்கு தெரியுதே," என்றேன்.

கானி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். "மூக்குல எழுத்து இல்ல. இருந்துட்டுப் போகட்டும்."

கண்ணாடி ஜன்னலைச் சாத்தினோம். பிள்ளைகள் மூக்கைப் பார்த்து உதட்டை அசைத்து, பிறகு குனிந்து எழுதினார்கள். வெண்டல் வாசிப்பை நிறுத்தும்போதெல்லாம் தாள் சரசரத்தது. அதனால் தேர்வு முடியும்வரை ஈரத்தில் குந்தி உட்கார்ந்து அதற்கு விதிகளை ஓதினார். ஜன்னல் வழியாக அவர் வழுக்கையும் பன்றியின் மூக்கும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. அந்த வழுக்கையை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கோடையில் முடிவு வந்தது. மதிப்பெண் ஏறியிருந்தது. பள்ளி தப்பியது. வெண்டல் தப்பவில்லை.

ஊரே மைதானத்தில் கூடிவிட்டது. கானிகூட கேமராவோடு வந்திருந்தார்.

"கண்ணை மூடிட்டுக் குடுத்துடு," என்றேன்.

"மூடினா கடிச்சிடுமே! கண்ணைத் தெறந்தே வச்சிருக்கணும்."

அப்படியே கொடுத்தார்.

பாதிரியார் இன்னும் படத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வேறு படங்கள் இருந்தன. எங்கள் திருமணத்தில், ஏரிக்கரையில், பணி ஓய்வு விருந்தில். எல்லாவற்றிலும் கேமரா சொடுக்கும் நேரம் பார்த்துக் கண்ணை மூடியிருப்பார்.

"இது ஒண்ணுலதான் பாதிரியாரே, அவர் கண்ணு தெரியுது," என்றேன்.

பாதிரியார் மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு படத்தைச் சவப்பெட்டிக்கு மேல், பூக்கள் மறைக்காத இடமாகப் பார்த்து வைத்தார்.