நான்கு நிமிடம் சத்தம் வராது

தடதடவென்று கதவு அதிர்ந்தது. "ஆபரேட்டர்! உள்ள தூங்கிட்டீங்களா? சவுண்டு போயிடுச்சு!"

புரொஜெக்டர் அறையின் இரும்புக் கதவை யாரோ உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த ஆபரேட்டர் அம்மாள் பதறவில்லை. புரொஜெக்டரின் சின்னத் திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்தாள். ஐம்பத்து மூன்றாவது நிமிடம். சரியாகத்தான் வந்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்தால், டை கட்டிய ஒரு மனிதர் மூச்சு வாங்க நின்றார்.

"சவுண்டு போகலை சார். படத்துலயே அப்படித்தான்."

"படத்துலயே சத்தம் இல்லையா? அப்புறம் எதுக்கு சுவர் பூரா ஸ்பீக்கர் மாட்டி வெச்சிருக்கீங்க?"

"நாலு நிமிஷம் பொறுத்துக்குங்க. வந்துடும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, படியிறங்கி நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

படம் வந்து ஆறு நாள். ஆறு நாளும் இந்தக் கதவுக்கு அடி விழுந்தது. கதை இவ்வளவுதான்: மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் ஒரே வீட்டில் தங்கி ஓவியம் வரைகிறார்கள். ஒருவன் இறந்துபோகிறான். மிச்ச மூன்று பேரும் பாத்திரம் கழுவுகிறார்கள், ஜன்னலைப் பார்க்கிறார்கள், அவனுடைய சட்டையை முறை வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் அவன் அறையை முதல் தடவையாகத் திறந்து, பாதியில் நிற்கும் அவனுடைய ஓவியத்துக்கு முன்னால் தரையில் உட்காருகிறார்கள். நான்கு நிமிடம். இசை இல்லை, பேச்சு இல்லை, காற்றுச் சத்தம்கூட இல்லை. கடைசியில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவாள். அதோடு சத்தம் திரும்பிவிடும்.

மேனேஜர் படியேறி வந்தார். தியேட்டரில் அவருக்கு 'இடைவேளை' என்று பெயர். இடைவேளையில் எத்தனை பொட்டலம் பாப்கார்ன் காலியாகிறது என்பதை வைத்துத்தான் படத்துக்கு மார்க் போடுவார்.

"ஏம்மா, இது தியேட்டரா, தியான மண்டபமா?"

"ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு சார்."

"பிடிச்சவன் பேசாம வீட்டுக்குப் போறான். பிடிக்காதவன் என் ரூமுக்கு வர்றான். நான் யார் முகத்தைப் பாக்கறது?" கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு மேட்னியில இன்னொரு தரம் இந்தக் கதவைத் தட்டட்டும், வெள்ளிக்கிழமையிலேருந்து சண்டைப் படம். அதுல மூச்சு விடக்கூட கேப் கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இல்லேன்னா அந்த நாலு நிமிஷத்தைத் தாண்டிடு. ஒரு பட்டன்தானே? உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்."

அவர் இறங்கிப் போனதும் அவளுக்கு மகளின் ஞாபகம்தான் வந்தது.

அவள் மகள் ஓவியக் கல்லூரியில் படிக்கிறவள். நான்கு மாதத்துக்கு முன் அவளுடைய உயிர்த்தோழி சாலை விபத்தில் போய்விட்டாள். அன்று அறைக்குள் நுழைந்த மகள்தான். கேட்டால் 'ம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தட்டில் சோறு போடும்போதெல்லாம் "ஏதாவது பேசுடி" என்று கெஞ்சியும் பார்த்தாயிற்று, அதட்டியும் பார்த்தாயிற்று.

போன சனிக்கிழமை மேட்னியில், சும்மா கண்ணாடித் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி வரிசை ஓரத்தில் ஒரு கொண்டை. அதில் குறுக்கே செருகிய பென்சில். உலகத்தில் அப்படிக் கொண்டை போடுகிறவள் ஒருத்திதான். அன்றிலிருந்து தினமும் மேட்னிக்கு அந்தப் பென்சில் வருகிறது. அம்மா பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நேற்று வீட்டுக்குப் போனால், நான்கு மாதமாகச் சாயம் காய்ந்து கிடந்த பிரஷ்கள் கழுவப்பட்டு ஒரு டம்ளரில் நின்றன.

படம் இன்னும் ஒரு வாரம் ஓடினால் போதும், பெண் வாயைத் திறந்துவிடுவாள் என்று மனசு அடித்துச் சொன்னது. அதற்குள் சண்டைப் படமாம்.

காலைக் காட்சி விட்டதும் படிக்கட்டில் வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். நகக்கண்ணில் கிரீஸ் அப்பிய மெக்கானிக் ஒருவர், தெரிந்தவரைப் பார்த்ததுபோல அவளிடமே வந்தார்.

"ஒண்ணுமே நடக்கலீங்க. ஆனா எந்திரிக்க மனசு வரல. மத்தியானம் என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரேன்."

பின்னால் வந்த ஒரு பெண் தன் கணவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தாள். "இவரு பாதிப் படம் குறட்டைம்மா. அந்த ரூம் சீன் வந்ததும் முழிச்சிக்கிட்டாரு."

"என் குறட்டை எனக்கே கேட்டுச்சு," என்றார் அவர், வெட்கத்தோடு. "அதுக்கப்புறம் கண்ணை மூடல. அந்தப் பசங்க மூணு பேரையும் விட்டுட்டு எப்படித் தூங்கறது?"

பாப்கார்ன் மாமாவுக்கு மட்டும் வருத்தம். "வாயைத் திறந்தா அழுதுடுவாங்க போல வர்றாங்க. அதுல எங்க பாப்கார்னைப் போடறது?"

இப்படி எல்லாரும் மேனேஜர் ரூமுக்குப் போய்ச் சொன்னால் தேவலை. போக மாட்டார்களே.

மேட்னி ஆரம்பமானது. கடைசி வரிசையில் பென்சில் வந்து உட்கார்ந்தது. ஐம்பது நிமிடம் ஆனதும் அவள் பட்டன் பக்கத்தில் வந்து நின்றாள். நாலு நிமிடம்தானே, மிச்ச நூறு நிமிடமும் அப்படியே இருக்கிறதே, நாலு நிமிடத்தைக் கொடுத்து ஒரு வாரத்தை வாங்கிக்கொள்வோம் என்று கணக்குப் போட்டாள். திரையில் அறைக்கதவு திறந்தது. விரல் தானாகப் போய் அழுத்தியது. படம் தாவியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் ஹாலில் எதிரொலித்தது.

ஒரு நிமிடம் போயிற்று. கதவை யாரும் தட்டவில்லை. இரண்டு நிமிடம். அப்பாடா என்று பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

தடதடவென்று கதவு அதிர்ந்தது. இந்த முறை ஒரு கை இல்லை, பல கைகள்.

திறந்தால், படிக்கட்டு நிறைய ஆட்கள். முன்னால் மெக்கானிக்.

"அந்த ரூம் எங்கங்க? அதைக் காட்டத்தான் இவளைக் கூட்டிட்டு வந்தேன்."

"இந்த மனுஷன் நாலு நிமிஷம் சத்தமில்லாம உக்காந்திருந்தாராம்," என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி. "நான் நம்பல. நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்."

"நான் மூணாவது தடவை பாக்கறேன்மா," என்றார் வாத்தியார் மாதிரி இருந்த ஒரு பெரியவர். "அதை எடுத்துட்டா மிச்சம் எதுக்கு?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேனேஜர் மேலே வந்தார். "என்னம்மா, மறுபடியும் சவுண்டு இல்லைன்னா?"

"இல்ல சார். இப்ப சவுண்டு வந்துடுச்சுன்னு தட்டறாங்க."

அவர் கண்ணாடித் துவாரத்தில் முகத்தை வைத்தார். கீழே பாதி ஹால் திரைக்கு முதுகைக் காட்டி, இந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் எந்த இடைவேளையிலும் அவர் கண்டிராத காட்சி.

"போடும்மா. திரும்பப் போடு," என்றார். "சண்டைக்காரன் அடுத்த வாரம் வேற தியேட்டர் பாத்துக்கட்டும். வாசல்ல ஒரு போர்டு வெச்சிடறேன். நாலு நிமிஷம் சத்தம் வராது, யாரும் கதவைத் தட்ட வேணாம்னு."

எல்லாரும் திமுதிமுவென்று இறங்கிப் போனார்கள். மேல்படியில் ஒருத்தி மட்டும் நின்றாள். கொண்டையில் பென்சில். கதவைத் தட்டிய கைகளில் ஒன்று அவளுடையது. உள்ளங்கை சிவந்திருந்தது.

அம்மா படத்தைப் பின்னால் நகர்த்தி, அறைக்கதவு திறக்கும் இடத்தில் விட்டாள். மகள் உள்ளே வந்து கண்ணாடித் துவாரத்தருகே நின்றுகொண்டாள். அம்மாவும் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

சத்தம் நின்றது. கீழே ஒரு இருமல்கூட இல்லை. திரையில் மூன்று பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். சாப்பிட்டியா, எதுக்குடி அம்மாகிட்ட சொல்லாம வந்தே, ஏதாவது பேசுடி என்று நாக்கு நுனி வரை வந்ததையெல்லாம் அவள் விழுங்கினாள். ஒரு தரம் இல்லை, நான்கு நிமிடமும் விழுங்கிக்கொண்டே இருந்தாள். மகளின் தோள் அவள் தோளில் வந்து சாய்ந்தது. கன்னம் நனைந்திருந்தது.

ஸ்பீக்கரில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

மகள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இந்த நாலு மாசத்துல, என்னைப் பேசச் சொல்லாம என் பக்கத்துல இருந்தது இந்த சீன் மட்டும்தான்மா."