துண்டுக்குள் எட்டு மணி

அலை முழங்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிய நேரத்தில்தான் போன் அடித்தது.

மணப்பாடு கடற்கரை. சாயங்காலம் ஆறரை. குரு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மனைவி நிர்மலாவின் கையைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்றிருந்தான். கரையில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த மகள் கோகிலவாணி கத்தினாள்.

“அப்பா! பெங்களூரு நம்பரு!”

குரு ஓடினான். அந்த நம்பருக்காக அவன் ஒன்றரை வருடமாகக் காத்திருந்தான்.

“நிர்மலா வீட்டுக்காரரா? கண் வந்திருக்கு” என்றாள் மறுமுனையில் நர்ஸ். “நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள வந்து பதிவு பண்ணிடணும். ஒன்பதுக்கு ஆபரேஷன். ராத்திரி பன்னெண்டுக்கு மேல அவங்க எதுவும் சாப்பிடக் கூடாது. எட்டு தாண்டிடுச்சுன்னா லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம். கண்ணு காத்திருக்காது சார்.”

இரண்டு வருடங்களுக்கு முன் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை இலைகளை உரிக்கும்போது, ஒரு தோகை நிர்மலாவின் வலது கண்ணைக் கிழித்துவிட்டது. ‘தூசுதான்’ என்று விட்டதில் புண்ணாகி, கருவிழி பால் ஊற்றியது போல வெளுத்துப்போனது. இடது கண் பிறவியிலிருந்தே வெளிச்சம், நிழல் என்பதற்கு மேல் எதையும் காட்டியதில்லை. இறந்தவர் யாராவது தந்த கண் கிடைத்தால் வலது கண்ணின் பார்வையை மீட்டுவிடலாம் என்றார்கள் டாக்டர்கள்.

“பாக்க முடியாட்டி என்னங்க, கடல் சத்தத்தயாவது கேட்டுட்டு வரலாம்” என்று நிர்மலா கேட்டதால்தான் இந்தக் கடற்கரைப் பயணம். வந்து நாலு நாள் ஆகியிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் நிர்மலா துள்ளிக் குதிக்கவில்லை. புடவைத் தலைப்பைப் பிழிந்தபடி, “யாரோ ஒருத்தரு வூட்ல இந்நேரம் அழுதுகிட்டு இருப்பாங்க, இல்லீங்களா?” என்றாள்.

“இருப்பாங்க. அதனாலதான் நாம நேரத்துக்குப் போவணும்” என்றான் குரு.

அவர்கள் வந்திருந்த கார், கூடவே வந்த நிர்மலாவின் தம்பி வீரமணியுடையது. நல்லம்பள்ளியில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் என்று கேட்டதும் விரலைச் சொடுக்கினான்.

“மாமா, ஏறுங்க. காலைல ஆறரைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல காப்பி குடிக்கலாம்.”

“எங்கம்மா குடிக்கக் கூடாது” என்றாள் கோகிலவாணி.

“அவங்க பங்கயும் நீயே குடி. வாயாடி, ஏறு!”

உடம்பெல்லாம் மணலோடு கிளம்பினார்கள். திருநெல்வேலி, மதுரை, கரூர் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே வெறும் விளக்குகளாக ஓடிப்போயின. பதினொன்றரைக்கு ஒரு கடையில் நிர்மலா இரண்டு இட்லி சாப்பிட்டாள். நாமக்கல் தாண்டி, சேலம் நெருங்கும்போது மணி ஒன்றரை. எல்லாமே சொன்னபடி நடந்துகொண்டிருந்தது.

அப்போது வீரமணியின் போன் ஒலித்தது. அவனுடைய கூட்டாளி, லாரி டிரைவர்.

“வீரா, எங்கடா இருக்க? தொப்பூர் கணவாய்ல வந்து மாட்டிக்காத. நடு ரோட்ல ஒரு லாரி படுத்துக் கெடக்குது. ரெண்டு பக்கமும் அடைச்சுப்போச்சு. நான் பன்னெண்டு மணில இருந்து அசையல. கிரேன் விடியறதுக்குத்தான் வருமாம்.”

கோகிலவாணி போனில் வரைபடத்தைத் திறந்தாள். தொப்பூர் மேல் ரத்தக் காயம் போலச் சிவப்புக் கோடு.

குரு முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“மாப்ள, சேலத்துல வலது பக்கம் ஒடி. மஞ்சவாடிக் கணவாய் ஏறி அரூர் போ. அங்கிருந்து கம்பைநல்லூர், அப்புறம் நம்ம காரிமங்கலம். அங்க ஹைவேய புடிச்சா நேரா கிருஷ்ணகிரி. இந்த ஊர்க்காரனுக்கு வழி சொல்ல லாரிக்காரன் வேணுமா?”

“மேப்ல கூட அந்த ரோடு பூரா நீலமா இருக்குதுப்பா” என்றாள் மகள்.

“மேப்பு இன்னைக்கு வந்தது. நான் நாப்பது வருசமா இருக்கறன்” என்றான் குரு.

மஞ்சவாடி வளைவுகளில் வீரமணி வண்டியை வளைத்து வளைத்து ஏற்றினான். அரூர் தூங்கிக்கொண்டிருந்தது. கம்பைநல்லூரில் ஒரு நாய் மட்டும் குறுக்கே வந்து, ஒப்புக்குக் குரைத்துவிட்டுப் போனது. மணி நாலரை. காரிமங்கலம் எல்லை.

குரு கர்வத்தோடு பின்னால் திரும்பினான். “பாத்தியா நிம்மி? இன்னும் மூணு மணி நேரத்துக்கு மேல கையில இருக்குது.”

நிர்மலா தலையைச் சாய்த்து எதையோ கவனித்தாள். ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

“ஏங்க... ஆடு கத்துது.”

“ஊருன்னா ஆடு கத்தாதா?”

“ஒண்ணு ரெண்டு இல்லீங்க. நூத்துக்கணக்குல கத்துது. இன்னைக்கு என்னங்க கெழம?”

குரு விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை.

காரிமங்கலம் சந்தை நாள். பிறந்ததிலிருந்து வாரத்தைச் சந்தையை வைத்தே எண்ணிப் பழகியவன் அவன். ‘சந்தைக்கு முந்தின நாள்’, ‘சந்தை கழிச்சு ரெண்டு நாள்’ என்றுதான் அவனுக்குக் கிழமையே தெரியும். நாலு நாள் கடற்கரையில் கிடந்ததில் அந்தக் கணக்கு அலையோடு போய்விட்டது.

வளைவு திரும்பியதும் கண்முன்னே தெரிந்தது. மாட்டு வண்டிகள், ஆடு ஏற்றிய வேன்கள், தேங்காய் டிராக்டர்கள். சாலை முழுக்க மூக்கோடு மூக்கு உரசி நின்றன. வீரமணி பின்னால் எடுக்கப் பார்த்தான். அதற்குள் இரண்டு மாட்டு வேன்கள் வந்து பின்பக்கத்தை அடைத்துவிட்டன.

“மாமா...” வீரமணி மெல்ல ஆரம்பித்தான். “நாப்பது வருசமா இருக்கறீங்க இல்ல?”

“வாய மூடு மாப்ள.”

“கலைய எவ்வளவு நேரம் ஆவும்?”

“ஏழு. ஏழரை.”

நிர்மலா இருட்டில் கணவனின் தோளைத் தேடித் தொட்டாள். “வுடுங்க. அடுத்தவங்களுக்குப் போனாலும் ஒரு கண்ணு தெறக்குமில்ல?”

அதைக் கேட்டதும்தான் குருவுக்கு வெறி வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். வண்டிகளுக்கு இடையே புகுந்து, கொம்புகளுக்குக் குனிந்து, கயிறுகளைத் தாண்டி ஓடினான். எல்லா வண்டிகளும் மாட்டிக்கொண்டு நின்றன. ஹைவே முனை வரை ஓடியபிறகு ஒரே ஒரு பிக்கப் வேன் மட்டும் கூட்டத்துக்குள் மூக்கை நுழைக்காமல் வெளியே நின்றது. பின்னால் பதினோரு ஆடுகள். ஹைவே பக்கம் திரும்ப வழி இருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டப் போனவன், ஓட்டுநர் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

அன்வர் பாஷா. தர்மபுரி ஆட்டு வியாபாரி.

மூன்று மாதத்துக்கு முன் இதே சந்தையில் தான் அவருக்குச் செய்தது குருவுக்கு நினைவு வந்தது. இங்கே வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரல்களைப் பிடித்துத்தான் பேசுவார்கள். விரலில் முடிந்தது முடிந்ததுதான். பத்திரத்தைக் கூட மாற்றலாம், அதை மாற்றக்கூடாது. அன்றைக்கு அன்வர் பாஷாவின் விரலுக்குத் தலையாட்டிவிட்டு, அரை மணியில் வேறொருவன் அதிக விலை கொடுத்தான் என்று குரு தன் கிடாயை அவனுக்கு ஓட்டிவிட்டான். பாஷா சண்டை போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டு, “சரிங்க” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் இத்தனை நாளாக அவர் நிற்கிற பக்கமே குரு போவதில்லை.

இப்போது போனான்.

“பாய்.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“அன்னைக்கு நான் பண்ணது தப்பு. இன்னைக்கு உதவி கேட்டு வந்து நிக்கறனேன்னு நெனைக்காதீங்க. எங்க வூட்டு நிர்மலாவுக்கு மாத்துக் கண்ணு கெடச்சிருக்குது. பெங்களூருல எட்டு மணிக்குள்ள இருக்கணும். காரு உள்ள மாட்டிக்கிச்சு. உங்க வண்டி ஒண்ணுதான் வெளிய நிக்குது.”

அன்வர் பாஷா கீழே இறங்கினார். ஆடுகளைப் பார்த்தார். சந்தையைப் பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் வியாபாரம் சூடுபிடித்துவிடும். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தார்.

“கைய நீட்டுங்க.”

குரு புரியாமல் கையை நீட்டினான். துண்டுக்குள் அவருடைய கை அவன் ஐந்து விரல்களையும் சேர்த்து ஒருமுறை அழுத்தியது. அடுத்து மூன்று விரல்களை மட்டும்.

எட்டு.

“இது மாறாதுங்க” என்றார் பாஷா. “நீங்க மாத்தினாலும் நான் மாத்த மாட்டன். தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க, ஓடுங்க!”

“ஆடுங்க, பாய்?”

“ஆட்டுக்கு எந்த ஊரு சந்தையா இருந்தா என்ன? பெங்களூருலயும் பிரியாணி தின்றாங்க.”

பத்து நிமிடத்தில் நிர்மலாவும் கோகிலவாணியும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். அங்கே மூன்று பேருக்குத்தான் இடம். குரு பின்னால் ஏறி, பதினோரு ஆடுகளுக்கு நடுவே பன்னிரண்டாவதாக நின்றான். காரோடு தங்கிவிட்ட வீரமணி தூரத்திலிருந்து கை அசைத்தான். “மாமா, கயிறு கட்டலயே! குதிச்சிடாதீங்க!”

வேன் பறந்தது. கிருஷ்ணகிரி தாண்டியதும் குளிர் எலும்பைக் குடைந்தது. குரு ஒரு வெள்ளாட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அது அவன் சட்டைக் காலரைக் கடித்து மெல்ல ஆரம்பித்தது. “தின்னு தாயி, தின்னு” என்றான். ஓசூர் வரும்போது ஆறரை. விடிந்திருந்தது.

ஏழு பத்துக்கு நகரம் ஆரம்பித்தது. ஏழு இருபதுக்கு வேன் நின்றது. மேம்பாலத்தின் அடியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி ஓரம் கட்டச் சொல்லியிருந்தார். பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தவர், ஆடுகளுக்கு மேலே ஒரு மனிதத் தலையைக் கண்டு ஓரடி பின்வாங்கினார்.

அன்வர் பாஷா இறங்கி, வியாபாரத்தில் பழகிய கன்னடத்தில் மளமளவென்று பேசினார். குருவுக்கு ‘கண்ணு’ என்பது மட்டும் விளங்கியது. காவலர் கேட்ட காகிதங்களை எடுத்துக் காட்ட நேரம் இல்லை. கோகிலவாணி ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரி அனுப்பியிருந்த குறுஞ்செய்தியை நீட்டினாள். காவலர் படித்தார். உள்ளே குனிந்து நிர்மலாவின் வெளுத்த கண்ணைப் பார்த்தார். சாலை நடுவில் போய் நின்று மற்ற வண்டிகளை நிறுத்தி, வேனுக்கு மட்டும் வழி விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றபோது ஏழு ஐம்பத்திரண்டு.

குரு குதித்து இறங்கினான். சட்டைக் காலர் பாதியைக் காணோம். அன்வர் பாஷாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “பாய், இனிமே எங்க வூட்டு ஆடு எதுவானாலும்...”

“ஆட்ட அப்புறம் பேசலாம். மொதல்ல உள்ள போங்க. உங்க மேல வர்ற வாசனைக்கு உங்களையே வெலைக்கு வாங்கிடுவாங்க.”

வரவேற்பில் இருந்த நர்ஸ் மூக்கைச் சுளித்தாள். பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. “நிர்மலாவா? எட்டாக எட்டு நிமிஷம் இருக்கே. வாங்கம்மா, வாங்க.” ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு நடுவயது மனிதர் மெதுவாக எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டார். அவர்தான் அடுத்த ஆள் என்று குருவுக்குத் தெரிந்துவிட்டது. தலை குனிந்தான். அந்த மனிதர் அவன் தோளைத் தட்டினார். “பரவால்ல சார். எனக்கும் ஒரு நாள் போன் வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். ஊரிலிருந்து வந்து சேர்ந்த வீரமணி கதவோரம் நின்றான். குரு டாக்டருக்குப் பின்னால் நின்றான். கோகிலவாணி அம்மாவின் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள்.

“பார்வை தெளிய பல மாசம் ஆகும். இப்ப பயப்பட வேண்டாம்” என்றார் டாக்டர். கையை உயர்த்தினார். “எத்தனை விரல்?”

நிர்மலா வலது கண்ணைச் சிமிட்டினாள். கண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டார்கள். மறுபடி சிமிட்டினாள்.

“பொகையாட்டம் இருக்குதுங்க...” கழுத்தை முன்னால் நீட்டினாள். “ரெண்டு.”

“இப்ப?”

“நாலு.”

டாக்டர் சிரித்தபடி எழுதத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் குரு சத்தம் போடாமல் இரண்டு கைகளையும் தூக்கினான். ஒன்றில் ஐந்து. இன்னொன்றில் மூன்று.

நிர்மலா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், உங்க பின்னால ஒருத்தரு நிக்கறாரு. மொகம் சரியாத் தெரியல” என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “ஆனா துண்டு போடாம எட்டு காட்டறாரு. வெவரம் தெரியாத ஆளாட்டம் இருக்குது.”