தையல்காரர் கேட்காத பட்டாணிக் குழம்பு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பசியில் பிறந்தது. அதுவும் என் பசியில் அல்ல, பக்கத்து மேசைக்காரரின் பசியில். எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் தினமும் காலையில் வந்து உட்காரும் காப்பிக் கடையில் நான்கே மேசைகள். என் மேசைக்குக் கால் ஆடும். அதற்கு முட்டுக் கொடுத்திருப்பது என் முதல் நாவலின் பின்னட்டை. (இது பொய். வெறும் பிஸ்கட் பெட்டி அட்டை. அழகாக இருக்கட்டும் என்று எழுதினேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: காப்பி மணம் தெருவைத் தட்டி எழுப்பியபோது தையல்காரர் தன்

வேண்டாம். தெரு எப்போதோ விழித்துவிட்டது.

2.
தையல்காரருக்கு எதிர்ச்சாரியில் கடை. கழுத்தில் அளவு நாடா, விரல் நுனியில் சாக்பீஸ் தூள். அவர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டதும் காப்பிக் கடை அக்கா வாணலியில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றுவார். அவர் தெருவைக் கடந்து வந்து என் பக்கத்து மேசையில் உட்காரவும் தட்டு வரவும் சரியாக இருக்கும். பழகியவர்கள் யாரும் இங்கே எதையும் கேட்பதில்லை. முதல் நாள் எதைச் சாப்பிட்டார்களோ அதுதான் என்றைக்கும். புதிதாக வருகிறவர்களிடம் அக்கா பெருமையோடு சொல்வார்: "எங்க ஆளுங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். வாயத் திறக்கவே விடமாட்டேன்."

பதினோரு வருஷமாகிறது. தையல்காரருக்கு முட்டை பிடிக்காது.

முதல் நாள் அவர் கேட்டது பட்டாணிக் குழம்பும் ரொட்டியும். தட்டு மாறி வந்தது. புது இடம், கூச்சம். தின்று தொலைத்தார். மறுநாள் கேட்காமலே முட்டை வந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். பிறகு ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்தபோது, அக்கா அதே முட்டையை மூடிபோட்டு அவர் வீட்டுக்கே எடுத்துப் போனார். அதற்கப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? அக்காவின் பெருமையே அந்த ஒன்றுதானே.

(நாள் முழுக்க ஊராரிடம் "பிடிக்குதா, லூசா இருக்கா?" என்று கேட்கிற மனிதர் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். கிடைத்ததையெல்லாம் போட்டுவிடக் கூடாது.)

இதையெல்லாம் போன வாரம் என் இடுப்பை அளந்துகொண்டே அவர்தான் சொன்னார். வருகிற வியாழக்கிழமை துணிந்து கேட்டுவிடப் போகிறாராம். இன்று வியாழன்.

3.
முடிவு அ: கேட்கிறார், அக்கா சிரித்துவிட்டுக் குழம்பு வைக்கிறார். அப்படியென்றால் கதை எதற்கு?

முடிவு ஆ: கேட்கிறார், அக்காவின் முகம் சுண்டிப்போகிறது. இனி யாருக்கும் கேட்காமல் தட்டு வைக்க அவருக்குக் கை வராது, பாவம்.

முடிவு இ: வாயை மூடிக்கொண்டு முட்டையையே சாப்பிடுகிறார்.

மூன்று நாளாக இந்த மூன்றாவதைத்தான் மெருகேற்றிக்கொண்டிருந்தேன். மௌனம், தியாகம் என்று பெரிய வார்த்தைகளாக வந்து விழுந்தன. நீங்களாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

குழம்பு சின்னச் சட்டியில் ஒரே தடவைதான் வேகும். எட்டு மணிக்குக் கடைசித் தட்டு மிஞ்சும். அது எனக்கு; தையல்காரர் கேட்டுவிட்டால் அது அவருக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவருடைய அந்த முதல் நாளில், முட்டை கேட்டவன் நான்தான். அவருடைய தட்டுதான் என்னிடம் வந்தது. நான் மூச்சு விடவில்லை, குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது. பட்டாணி உடையாமல் வெந்திருக்கும், நாக்கில் பட்டதும் கரையும். வதங்கிய வெங்காயத்தின் இனிப்பு முதலில், மிளகுக் காரம் சாவகாசமாகப் பின்னால். கடைசியில் ரொட்டி ஓரத்தால் தட்டை வழித்து

எச்சில் ஊறுகிறது. எழுத முடியவில்லை.

4.
தையல்காரர் வந்துவிட்டார். முட்டையும் வந்துவிட்டது. அக்கா உள்ளே திரும்பும்போது அவர், "அக்கா" என்றார்.

"என்ன தம்பி, உப்பு கம்மியா?"

அவர் அக்காவைப் பார்த்தார். என் தட்டைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்கு."

அக்கா உள்ளே போய்விட்டார். முடிவு இ, நான் எழுதியபடியே. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

என் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். "சாப்பிடுங்க. நான் இன்னும் கை வைக்கல."

"ஐயோ சார், அக்கா பாத்தா?"

தப்பு என்னுடையது, அதுவும் முதல் நாளிலிருந்தே என்று சொல்லி அவர் தட்டை இழுத்துக்கொண்டேன். முட்டை மோசமில்லை, ஓரமெல்லாம் நல்ல முறுகல். ஆனாலும் குழம்பு குழம்புதான், பொய் சொல்வானேன்.

தையல்காரர் ஒரு வாய் வைத்தார். மெல்லவே மறந்துபோய் அப்படியே இருந்தார். பிறகு குனிந்து, நிமிராமல் சாப்பிட ஆரம்பித்தார்.

அக்கா காப்பியோடு வெளியே வந்தார். இரண்டு தட்டையும் பார்த்தார். நின்றுவிட்டார். என்னவோ சொல்ல வாயெடுக்கிறார்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். மூன்று முடிவு எழுதினேன், மூன்றையும் என் வயிறுதான் எழுதியது. அக்கா சொல்லப்போவதை இந்தச் சட்டியில் பங்கில்லாத ஒருவர்தான் எழுத வேண்டும். இங்கே அப்படி இருப்பது நீங்கள் மட்டும்தான். அவசரமில்லை, நிதானமாக யோசித்தே எழுதுங்கள். அதற்குள் தையல்காரர் சாப்பிட்டு முடிக்கட்டும்.